வலைக்கூடத்தில் மூன்று நாள்

வெள்ளிக்கிழமை காலை
எண்ணூர் வலைக்கூடத்தின் ஷட்டரைத் தூக்க
நானும் கோதண்டமும் போதவில்லை.
ஐஸ் வண்டிப் பையனையும் கூப்பிட்டோம்.

உப்புக்காற்று தின்ற சுவரில் ஆணி நிற்காது.
தட்டத் தட்டக் காரை உதிர்ந்து
நீலம், அதற்கடியில் மஞ்சள்,
அதற்கும் அடியில்
எந்தத் தேர்தலிலோ ஓட்டு கேட்ட பாதிச் சின்னம்.
கடைசியில் நைலான் கயிறு கட்டி
துணி கிளிப்பில் தொங்கவிட்டோம்
இருபத்து மூன்று படங்களை.

எல்லாம் ப்ளைவுட். எல்லாம் எனாமல்.
அனல்மின் நிலையத்தில்
குழாய்களுக்கு வண்ணமடித்த வருஷங்களில்
டப்பாவின் அடியில் மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்.
அதனால்தான் அவருடைய கடல்
தீயணைப்புக் குழாயின் சிவப்பு.
சாம்பலுக்கு மட்டும் டப்பா தேடவில்லை;
முகத்துவாரத்தில் இறங்கிக்
கையால் அள்ளி வந்தார்.

விற்ற படத்துக்குச் சிவப்புப் புள்ளி ஒட்டணுமாம்.
நுங்கம்பாக்கத்தில் பெயிண்ட் வேலைக்குப் போன கட்டடத்தில்
பார்த்திருக்கிறார்.
ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டு வாங்கினேன்.
மெரூன்தான் இருந்தது. பத்து ரூபாய்.

பார்வையாளர் நோட்டில் முதல் நாள் நாலு பேர்.
அதில் ஒருவர் கழிப்பறை எங்கே என்று கேட்க வந்தவர்.
கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வழி சொன்னேன்.
இரண்டாம் நாள் ஏழு.
காரில் வந்த தம்பதி
"ரொம்ப ராவா இருக்கு" என்று சொல்லிப் போனார்கள்.
கோதண்டம் என் பக்கம் குனிந்து கேட்டார்:
"தண்ணி கலந்திருக்கணுமோ?"

ஞாயிறு பத்து மணிக்கு ஷாமியானா வந்தது.
பின்னாலேயே நாற்காலிகள்,
பின்னாலேயே அண்டா.
தேசப்பன் வீட்டில் இரட்டைப் பிள்ளைகளுக்குக் காதுகுத்தல்.
கூடத்தை ஆடியிலேயே சொல்லிவைத்தாராம்.
எந்த நோட்டில் என்றேன்.
"நோட்டு எதுக்கு? வாயாலதான் சொன்னேன்."

கழற்ற நேரமில்லை.
படங்களுக்குக் கீழேயே பந்தி.
முந்நூறு பேர், கோழி பிரியாணி,
இலையைப் பார்க்க வேண்டியவர்கள்
அண்ணாந்தபடி சாப்பிட்டார்கள்.
"இது நம்ம ஏகவல்லி படகு இல்ல?"
"எஞ்சினை இந்தப் பக்கமா மாட்டுவான்?"
"சாம்பல் மேடு அன்னிக்கு இவ்ளோ ஒசரம் இல்ல."
"போய் அளந்தியா நீ?"
ஒரு பந்தி முழுக்க அந்த மேட்டின் உயரமே பேச்சு.
கோதண்டம் தயிர்ப்பச்சடி வாளியோடு
பதில் சொல்லிச் சொல்லிப் பரிமாறினார்.
பதினேழாம் படத்தின் மூலையில் சேர்வா தெறித்தது.
துணியோடு ஓடினேன்.
"விடும்மா.
அந்த எடத்துல ஒரு கலர் கொறஞ்சுதான் இருந்துச்சு."

மூன்றாம் பந்தியில் எழுந்த நாகபூஷணம்
கை கழுவின ஈரத்தோடு
ஒன்பதாம் படத்தின் முன் நின்றாள்.
மீன் ஆயும் பெண். கண் கத்தி மேல்.
"என்னைக் கேட்டியா?"
கோதண்டம் வாளியைக் கீழே வைத்தார்.
"மூக்குத்தி எங்க?"
"அப்ப நீ போட்டிருக்கலையே."
"அடகுல இருந்துச்சு.
அடகுல இருந்தா இல்லன்னு ஆயிடுமா?"

பக்கத்தில் யாரோ சிரித்தார்கள், பிறகு சிரிக்கவில்லை.

அவள் என் மேசைக்கு வந்தாள்.
பொட்டு அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.
"இது எதுக்கு?"
விற்றதுக்கு ஒட்ட என்றேன்.
அட்டை முழுசாக இருந்தது.
ஒன்றை நகத்தால் நெம்பி எடுத்தாள்,
போனாள்,
எனாமல் மூக்கின் இடப்பக்கம் வைத்து
கட்டைவிரலால் அழுத்தினாள்.
அப்புறம் வெற்றிலை வாங்கிக்கொண்டு
மொய் எழுதுகிற வரிசைக்குப் போய்விட்டாள்.

இரவு கயிற்றை அவிழ்க்கும்போது
கோதண்டம் கேட்டார்:
"ஒம்பது வித்ததா, விக்கலையா?"
நோட்டைப் புரட்டினேன்.
இரண்டு நாளைக்குப் பதினோரு பெயர்.
ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில்
எண்ணெய் விரல் ஒன்று, யாருடையதோ.

ஐஸ் வண்டியில் ஏற்றினோம்.
இருபத்திரண்டு படம் பின்னால்.
ஒன்பதை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு
முன்னால் ஏறினார்.
"பின்னாடி ஈரம்" என்றார்.
"பொட்டு விட்டுரும்."